இருபத்திரண்டாவது கட்டம்

என் அக்காவைக் கட்டியவர் கிட்டார் வாசிப்பவர் என்று சொன்னால், "எந்த கோஷ்டியில?" என்று கேட்பார்கள். கோஷ்டியெல்லாம் கிடையாது. மேடையில் ஒரு நாற்காலி, இடது காலைத் தூக்கி வைக்க ஒரு சின்னப் பலகை, மடியில் நைலான் தந்தி போட்ட கிட்டார், அவ்வளவுதான். மைக் இல்லை, பாட்டு இல்லை, பின்னால் தட்ட ஆள் இல்லை. தாளில் எழுதியிருப்பதை எழுதியபடி வாசிப்பார். அதில் பாதி அவரே எழுதியது. "அப்போ யாருங்க கேப்பா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு அத்தானிடமே முப்பது வருஷமாகப் பதில் இல்லை.

நான் ஃப்ரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் பார்ப்பவன். என்னிடம் ஒரு வேன் இருக்கிறது. அத்தானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இந்த இரண்டு காரணங்களால் அவருடைய தொழில் வாழ்க்கையை ஏறக்குறைய முழுசாகப் பார்த்தவன் நான்தான். பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். சில சமயம் தூங்கிக்கொண்டும் பார்த்தேன். அது அவருக்கும் தெரியும்.

அவருடைய அப்பா சலவைக் கடை வைத்திருந்தவர். மகன் இசைக் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது, "போ, ஆனா சட்டையைக் கசங்காம போட்டுக்க" என்று மட்டும் சொன்னாராம். இருபத்து மூன்று வயதில், பல நாட்டுக்காரர்கள் கலந்துகொண்ட ஒரு போட்டியில் அத்தான் இரண்டாம் பரிசு வாங்கினார். முதல் பரிசு வாங்கியவரை இன்றைக்கு உலகமெல்லாம் தெரியும். இரண்டாம் பரிசு வாங்கியவர் எனக்கு அத்தான் ஆனார்.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணமான முதல் வாரத்திலேயே அவளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது: இந்த மனுஷர் பாத்திரம் தேய்க்க மாட்டார், டப்பா மூடியைத் திறக்க மாட்டார், வலது கையால் பெட்டி தூக்க மாட்டார். எல்லாம் நகத்துக்காக. தந்தியைச் சுண்டுவது நகம்தான். நகம் போனால் ஒலி போச்சு. உடைந்துவிட்டால் டேபிள் டென்னிஸ் பந்தைக் கத்தரித்து நகம் மாதிரி செதுக்கிப் பசை போட்டு ஒட்டிக்கொள்வார். "நான் ஒரு நாளைக்கு எண்பது பேரை ஊசியால குத்துறேன். ஒருத்தராவது ஒரு நகத்துக்கு இவ்வளவு அழுதிருக்காங்களா?" என்பாள் அக்கா. ஆனாலும் பந்து வாங்கி வருவது அவள்தான்.

முதல் பத்து வருஷம் நன்றாகத்தான் போனது. சின்னச் சின்ன ஊர்கள், நூலகக் கூடங்கள், கல்லூரி அரங்குகள். நாற்பது பேர் வந்தால் நல்ல கூட்டம். அந்தக் காலத்தில் அவர் கிட்டாருக்கும் முழு வாத்தியக் குழுவுக்குமாகப் பெரிதாக ஒன்று எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்க ஒன்பது வருஷம் ஆனது. நகரத்து வாத்தியக் குழு அதை எடுத்துக்கொண்டது என்று தெரிந்த அன்றைக்கு அக்கா எனக்கு போன் போட்டு அழுதாள்.

ஒத்திகைக்கு நான்தான் கூட்டிப்போனேன். குழுவை நடத்துபவர் மரியாதையான ஆள், ஆனால் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். பதினொன்றரை மணிக்குக் தாளம் காட்டுகிற குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "சார், நடுப்பகுதியை விட்டுடலாமா? குழல் ஊதறவங்க எல்லாம் பன்னண்டு மணிக்குச் சாப்பிடப் போகணும்" என்றார்.

அத்தான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுப்பகுதியை எழுதத்தான் நாலு வருஷம் ஆகியிருந்தது. "சரிங்க" என்றார்.

நடுப்பகுதி இல்லாமல் ஒரு வேலைநாள் மதியம் அது அரங்கேறியது. வெளியே மழை கொட்டியது. மறுநாள் பேப்பரில் மூன்று வரி வந்தது. அதில் ஒரு வரி மழையைப் பற்றி.

அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. கூப்பிட்ட இடங்கள்தான் மாறிப்போயின. ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடத்தில், செயற்கை நீரூற்றுக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில், பதினொரு வருஷம் வாசித்தார். லிஃப்ட் கதவு திறக்கும்போது ஒரு மணி அடிக்கும். அது எந்தச் சுரம் என்று தெரிந்துகொண்டு, தான் வாசிப்பதையெல்லாம் அதற்குப் பொருந்துகிற மாதிரி மாற்றி வைத்திருந்தார். "இல்லேன்னா பல் கூசும் மச்சான்" என்றார். காலையில் ஒரு இசைப் பள்ளியில் பாடம், மத்தியானம் வீட்டில் பாடம், சாயங்காலம் ஓட்டல். அவருடைய முகம் அந்த வருஷங்களில்தான் மெதுவாகத் தொங்கிப்போனது. எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார், வேண்டும் என்றும் சொல்லமாட்டார். அக்கா ஏதாவது கேட்டால் அரை நிமிஷம் கழித்து, "என்ன சொன்னே?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் டிரைவர் வந்தார்.

டிரைவர் என்றால் டவுன் பஸ் ஓட்டுபவர். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, அத்தானைவிட ஆறு வயது மூத்தவர். மகளுக்காக ஒரு கிட்டார் வாங்கியிருக்கிறார். மகள் ஒரு மாதம் தொட்டுப் பார்த்துவிட்டு, கல்யாணமாகிப் போய்விட்டாள். கிட்டார் அலமாரி மேல் கிடந்தது. "சும்மா கிடக்குதே சார், நானாவது தொடலாம்னு வந்தேன்" என்று காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. பஸ் கதவில் எப்போதோ நசுங்கியது.

மூன்று மாதம் போராடினார்கள். பாடப் புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு பாட்டும் எங்கேயாவது ஒரு இடத்தில் சுண்டுவிரலைக் கேட்கும். அந்த இடம் வந்ததும் டிரைவர் பிரேக் போட்ட மாதிரி நிற்பார். "அது லீவுல இருக்குது சார், கூப்பிட்டாலும் வராது" என்று விரலைக் காட்டிச் சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் வர அரை மணி நேரம் இருந்தபோது, அத்தான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். மூன்று விரலால் முடிகிற ஒரு சின்னப் பாட்டு. மொத்தம் முப்பத்திரண்டு கட்டம். தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கிற ஒவ்வொரு துண்டையும் அவர் கட்டம் என்பார். பாட்டு அமைதியாக, நடந்துபோகிற வேகத்தில் போகும். இருபத்திரண்டாவது கட்டத்தில் மட்டும், மேலே போகும் என்று நாம் நினைக்கிற ஒரு சுரம், அரைப்படி இறங்கிவிடும். ரொம்பக் கொஞ்சம்தான். அடுத்த கட்டத்திலேயே எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அன்றைக்கு ஹாலில் அவர்களுடைய ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டிரைவர் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டே வந்தார். அந்த இடத்தைத் தாண்டியதும் கையை எடுத்துவிட்டார்.

"சார், இங்க என்னமோ பண்ணுது."

"என்ன பண்ணுது அண்ணே?"

"தெரியல. நெஞ்சுக்குள்ள ஒரு படி தவறுன மாதிரி. தப்பா வாசிச்சிட்டேனா?"

"இல்ல. அதுதான் சரி."

டிரைவர் அந்த இடத்தை மறுபடி வாசித்தார். அப்புறம் இன்னொரு தரம். அத்தான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஸ்க்ரூவைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

இசைப் பள்ளியில் கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் அதைப் பிரதி எடுத்துப் போனார். அவரிடமிருந்து அது, நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு இசைத் தேர்வு நடத்துகிற ஒரு வாரியத்துக்குப் போனது. மூன்றாம் நிலைத் தேர்வுப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்தது. அக்கா அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றாள். புத்தகம் தபாலில் வந்தபோது அவள்தான் பிரித்தாள். அத்தான் வாங்கி, நின்றபடியே கண்ணை ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்தின் கீழ்ப்பாதியில் நின்றுவிட்டார்.

"இல்ல."

"என்னங்க இல்ல?"

"குறி இல்ல."

சுரத்தை அரைப்படி இறக்கு என்று சொல்ல, அதற்கு முன்னால் ஒரு சின்னக் குறி போடுவார்கள், தொப்பை வைத்த ஒரு எழுத்து மாதிரி இருக்கும். அச்சுக் கோத்தவர் அதை விட்டுவிட்டார். அது இல்லாவிட்டால் பாட்டு இறங்காது. எல்லாரும் நினைக்கிற மாதிரியே மேலே போய்ச் சிரித்துக்கொண்டு நிற்கும்.

அத்தான் வாரியத்துக்கு போன் செய்தார். எடுத்தவர் அன்பாகப் பேசினார். "அடுத்த பதிப்புல கண்டிப்பா பாத்துக்கலாம் சார்."

"அது எப்போ வரும்?"

"ஆறு வருஷத்துக்கு ஒரு தடவைங்க."

அந்த ஆறு வருஷத்தில் அந்தப் பாட்டு அவர் எழுதிய மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போய்விட்டது. சுலபமானது, அழகானது, சின்னக் கைக்கு எட்டுவது. கிட்டார் படிக்கிற எந்தப் பிள்ளையும் அதை வாசிக்காமல் மூன்றாம் நிலையைத் தாண்ட முடியாது. ஒரு தடவை யாரோ வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தேன். பக்கத்து அறையில் ஒரு பெண் குழந்தை வாசிக்க ஆரம்பித்தது. எனக்கு இசை தெரியாது. ஆனால் அந்த இடம் வருகிறது என்று தெரிந்ததும் என் பல் தானாகக் கடித்துக்கொண்டது. பாட்டு மேலே போய்ச் சிரித்தது. குழந்தையின் அம்மா கை தட்டினார்.

எனக்கே அப்படி என்றால் அத்தானுக்கு எப்படி இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, வாரியம் அவரைத் தேர்வாளராகவும் போட்டது. தேர்வுக் காலத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரே நாளில் முப்பத்தொரு தடவை தன் பாட்டைத் தப்பாகக் கேட்டு, முப்பத்தொரு பேருக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு வருவார். வேனில் ஏறினால் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். ரேடியோவைப் போடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "வேணாம் மச்சான். இஞ்சின் சத்தம் போதும். அது எழுதினபடியே ஓடுது" என்றார்.

நாலாவது வருஷம் டிரைவரும் தேர்வுக்குப் போனார். பேரன் பேத்தி எடுத்த வயதில், பத்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில், வெளுத்துத் தேய்த்த காக்கிச் சட்டையில் நின்றார். சொந்த மாணவனை அத்தான் சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் வேறொரு அறையில் வேறொருவர் கேட்டார். டிரைவர், அத்தான் கைப்பட நகல் எழுதிக் கொடுத்த தாளில் கற்றவர் ஆயிற்றே. அரைப்படி இறங்கித்தான் வாசித்தார்.

மூன்று வாரம் கழித்து முடிவுத் தாளோடு வீட்டுக்கு வந்தார். தேறிவிட்டார். ஆனால் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது: "22ஆம் கட்டத்தில் தவறான சுரம். அச்சில் உள்ளதைக் கவனித்து வாசிக்கவும்."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், உங்க பாட்டை நீங்க சொல்லிக் குடுத்தபடி வாசிச்சதுக்கு மார்க் குறைச்சுட்டாங்க சார்!"

அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மச்சான், நாளைக்கு வேன் சும்மா இருக்கா?" என்றார்.

வாரிய அலுவலகம் ஒரு மூன்று மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் செயலாளர் அம்மா இருந்தார். மேஜை நிறைய விடைத்தாள் கட்டு, மூக்கில் இறங்கிய கண்ணாடி, தொண்டை கட்டிய குரல். அத்தான் டிரைவரின் முடிவுத் தாளையும் சமையலறையில் எழுதிய அந்த மூலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதில் குழம்புக் கறைகூட இருந்தது.

அந்த அம்மா இரண்டையும் பார்த்தார். "இத்தனை நாளா ஏன் சார் நேர்ல வரல?"

"போன் பண்ணேன் மேடம்."

"போன் பண்ணா எங்க ஆபீஸ்ல எதுவும் நடக்காது, எனக்கே நடக்காது" என்றார். நல்ல மனுஷி. அடுத்த பதிப்புக்குத் தானே பொறுப்பு என்றார், சொன்னபடி செய்தார். இரண்டு வருஷம் கழித்துப் புதுப் புத்தகம் வந்தது. இருபத்திரண்டாவது கட்டத்தில் தொப்பை வைத்த குறி இருந்தது. அத்தான் அன்றைக்கு அக்காவோடு மார்க்கெட்டுக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், வலது கையால்.

அந்தச் சந்தோஷம் ஐந்து மாதம்தான். செயலாளர் அம்மாவே போன் செய்தார். நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன்; அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நூத்து நாப்பது லெட்டர் வந்திருக்கு. புதுப் புத்தகத்துல அச்சுப்பிழைன்னு எல்லா டீச்சரும் எழுதியிருக்காங்க. கேக்க நல்லா இல்லையாம். பிள்ளைங்க பயப்படுதாம்."

"பயப்படுதா?"

"அப்படித்தான் ஒருத்தர் எழுதியிருக்கார். கமிட்டி பழசுக்கே திரும்பிடலாம்னு முடிவு பண்ணியிருக்கு. நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தா போதும்."

"என்னன்னு?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "பழைய அச்சுல இருக்கிறதுதான் நீங்க திருத்தி எழுதின வடிவம்னு."

அக்கா கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். போனை வைத்ததும் ஆரம்பித்தாள். "போடக் கூடாது. பாட்டையே புத்தகத்துலேர்ந்து எடுத்துடச் சொல்லுங்க. அவங்க யாரு?"

"எடுத்துட்டா, நான் எழுதினதுன்னு வெளியில ஒண்ணுமே இருக்காதும்மா."

"இருக்கிறது மட்டும் நீங்க எழுதினதா?"

அத்தான் கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போட்டுத் தொலையுங்கள், நிம்மதியாக இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்; அக்கா கையில் கரண்டி இருந்ததால் சொல்லவில்லை.

நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் மறுபடி அந்த மூன்று மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். அப்போதுதான் என்னிடம் சொன்னார்: "மச்சான், நாட்டுல எத்தனை ஆயிரம் பிள்ளைங்க இதை வாசிக்குதுங்க. அத்தனையும் தப்பா வாசிக்குதுன்னு நான் எவ்வளவு நாள் உக்காந்து வருத்தப்படுறது? ஒரு கையெழுத்து போட்டா எல்லாம் சரியா வாசிச்சதா ஆயிடும். எனக்கு அலுத்துப் போச்சுடா."

செயலாளர் அம்மா தாளை நீட்டினார். பேனாவை எடுத்த அத்தான், மூடியைத் திறக்காமல் வைத்திருந்தார்.

"மேடம், ஒரு விஷயம். அந்த பஸ் டிரைவரோட முடிவுத் தாள். அதுல சிவப்பு மையில எழுதினதை எடுக்கணும்."

"சார், பழைய முடிவை மாத்த விதி இல்ல. அதோட, நீங்க இதுல கையெழுத்துப் போட்டா அவர் வாசிச்சது தப்புன்னுதானே ஆகுது?"

"அப்ப போட மாட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஒத்திகையில் "சரிங்க" என்று சொன்ன அதே மனுஷர்தான். குரலும் உயரவில்லை. களைத்துப்போய், நாற்காலியில் சாய்ந்தபடி, ஏதோ மாத்திரை வேண்டாம் என்று சொல்வது மாதிரி சொன்னார்.

"பிள்ளைங்க வாசிக்கிறதும் சரின்னு போடுங்க. அவர் வாசிச்சதும் சரின்னு போடுங்க. அடியில ஒரு வரி போதும்."

"ரெண்டும் எப்படி சார் சரியா இருக்கும்?"

"இருக்காது மேடம். போடுங்க."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமிட்டியில் அதற்காக மூன்று மாதம் மல்லுக்கட்டினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். கடைசியில் அச்சில் பழைய சுரமே வந்தது. பக்கத்தின் அடியில், எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி: "22ஆம் கட்டத்தின் மூன்றாம் சுரத்தை அரைப்படி இறக்கியும் வாசிக்கலாம்." டிரைவருக்கு சிவப்பு மை இல்லாத புதுத் தாள் வந்தது. மதிப்பெண் இரண்டு கூடியிருந்தது. அவர் அதை பஸ் டிப்போவில் எல்லாரிடமும் காட்டினாராம். "ஏன் சார், இனிமே பிள்ளைங்களுக்கு எதைச் சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டார். "அதுங்க கேட்டா சொல்லுவேன் அண்ணே" என்றார் அத்தான். இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதாகத் தெரியவில்லை. அடியில் இருக்கிற வரியை யார் படிக்கிறார்கள்?

அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, டிரைவருக்காவது நியாயம் கிடைச்சுதே" என்று தட்டை வைத்தாள்.

அடுத்த தேர்வுக் காலத்துக்கு முன்னால் அத்தான் தேர்வாளர் வேலையை விட்டுவிட்டார். ஓட்டலிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கூரையிலேயே ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. வாரத்துக்கு நாலு நாள் இசைப் பள்ளிக்குப் போகிறார். மீதி நாளில் சன்னலோர மேஜையில் உட்கார்ந்து மூன்று கிட்டாருக்காக ஏதோ எழுதுகிறார். யாரும் கேட்கவில்லை, அவராக எழுதுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது எட்டிப் பார்த்தேன். "எவ்வளவு ஆச்சு அத்தான்?"

"பதினாறு கட்டம்."

"போன மாசமும் பதினாறுதானே?"

"அது வேற பதினாறு. அதைக் கிழிச்சுட்டேன்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். "இது பரவாயில்ல. கொஞ்சம் படுத்துட்டு வரேன், அப்புறம் பாக்கலாம்."

உள்ளே போய்ப் படுத்தார். நான் டீயைக் குடித்துவிட்டு, மேஜை மேல் தாள் காற்றில் பறக்காமல் இருக்க என் சாவிக்கொத்தை எடுத்து அதன் மேல் வைத்தேன்.